எப்போது வேண்டுமானாலும் என்று எழுதியவர்

ஒரு கடிதம் வாங்குவதற்காக யாராவது அமெரிக்காவிலிருந்து தாம்பரம் வரை வருவார்களா என்று அண்ணன் கேட்டார். விடுப்பு மிச்சம் இருந்தது, உங்களைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது, அண்ணியின் மீன் குழம்பு வேறு இருக்கிறது என்று சமாளித்தேன். அதெல்லாம் பிறகு. வந்தது கடிதத்துக்குத்தான்.

நான் ஒரு விண்வெளித் தொலைநோக்கியின் தரைக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். இந்த வாரம் அது எதை எத்தனை மணி நேரம் பார்க்க வேண்டும், அதற்கடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலை. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தொலைநோக்கி மேலே போய்க் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. வயதுக்கு உண்டான கோளாறுகள் உண்டு. ஆனால் வேலை செய்கிறது. இந்த ஆண்டு வெளிவந்த அமெரிக்க அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கான பணத்தை நிறுத்திவிடலாம் என்று எழுதிவிட்டார்கள். செப்டம்பர் முடிவோடு சரி. இனிமேல் விண்வெளிக்கு ஆளை அனுப்புவதுதான் முக்கியமாம், பார்த்துக்கொண்டிருப்பது முக்கியம் இல்லையாம்.

திட்டம் இன்னும் நிறைவேறவில்லை. அதனால் எங்கள் குழுவின் தலைவி, எந்த நாட்டில் யார் இந்தத் தொலைநோக்கியைப் பயன்படுத்தியிருந்தாலும் அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கச் சொன்னார். பணத்தை முடிவு செய்யும் குழுவின் முன்னால் அவற்றைக் கட்டாக வைப்பதாக ஏற்பாடு. எல்லோருக்கும் மின்னஞ்சல் போனது. வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தும் தயாளன் என்பவருக்குப் போட்டது மட்டும் மூன்று முறை திரும்பி வந்தது.

"உன் ஊர்தானே. நேரில் பார்த்து வாங்கி வா," என்றார் தலைவி.

அவரிடம் நான் ஒரு விஷயம் சொல்லவில்லை. தயாளன் என்ற பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் மிச்சத்தை அவர் இரண்டு முறை எங்கள் தொலைநோக்கியால் பார்த்திருக்கிறார், இடையில் பல வருட இடைவெளி விட்டு. மூன்றாவது முறை பார்க்கவும் அனுமதி வாங்கியிருந்தார். அந்த மூன்றாவது பார்வையை நவம்பருக்குத் தள்ளி வைத்தது நான். செப்டம்பரில் பணம் நின்றால் நவம்பர் என்பது 'இல்லவே இல்லை' என்பதற்கு இன்னொரு பெயர். ஒருவர் இலையை எடுத்துவிட்டு, அவரிடமே போய் விருந்து பிரமாதம் என்று எழுதிக் கொடுங்கள் எனக் கேட்கப் புறப்பட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேலையூரில் அண்ணன் வீட்டு வாசலில் காரை நிறுத்த முடியவில்லை. தெரு நெடுக மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தின் மேல் ஒரு பலகை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணன் அதன் மேல் நடந்தார். வெட்டி எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டேன். "ஈஸ்டருக்கு முன்னாடி," என்றார். நான் போனது ஜூலை.

மதியச் சாப்பாட்டில் வஞ்சிரம் குழம்பு, நெத்திலி வறுவல். போதும் அண்ணி என்றேன். ஒரு துண்டு விழுந்தது. போதும் அண்ணி. இன்னொரு துண்டு. மூன்றாவது முறை இரண்டு கையையும் தட்டின் மேல் குறுக்கே நீட்டிய பிறகுதான் அண்ணி நம்பினார். அமெரிக்கா போன முதல் வருடம் நான் பட்டினி கிடந்ததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். ஒரு வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். மரியாதைக்காகப் 'போதும்' என்றேன். பாத்திரத்தை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் கொஞ்சம் என்று சொல்லப் பழகவே எனக்குப் பத்து வருடம் ஆனது.

திங்கட்கிழமை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி வண்டலூரில் இறங்கினேன். கூட்டத்தில் பாதி உயிரியல் பூங்காவுக்குப் போகும் குடும்பங்கள். "சிங்கம் தூங்கிக்கிட்டு இருந்தா டிக்கெட் காசு திருப்பித் தருவாங்களாப்பா?" என்று ஒரு சிறுமி அப்பாவைக் கேட்டாள். அப்பா போனைப் பார்த்தார். அமெரிக்காவில் பணத்தை முடிவு செய்பவர்கள் எங்களிடம் கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

கல்லூரி வாசலில் காவலாளி பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னார். எந்தத் துறை என்ற இடத்தில் இயற்பியல் என்று எழுதினேன். அவர் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ஃபிசிக்ஸா? அத மூடிட்டாங்களேம்மா. போன வருசமே."

அலுவலகத்தில் இருந்த பெண் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பார்த்தால் அவர் மேல் கோபப்பட முடியவில்லை. "என்ன மேடம் பண்றது? அட்மிஷனுக்கு ஆறு பேர்தான் வந்தாங்க. ஆறு பேருக்கு லேப், ஸ்டாஃப், கரண்ட் எல்லாம் எப்படி? மேனேஜ்மெண்ட்ல முடிவு பண்ணிட்டாங்க. ஒரு நாள் சாயங்காலம் எல்லாருக்கும் மெசேஜ் வந்துச்சு," என்றார். துறையோடு துறையின் மின்னஞ்சலையும் மூடிவிட்டார்களாம். தயாளன் சாரை, இதே நிர்வாகம் பெரும்பாக்கம் பக்கம் நடத்தும் இன்னொரு கல்லூரிக்கு மாற்றியிருக்கிறார்கள். "அங்க பி.காம் பசங்களுக்குக் கம்ப்யூட்டர் பேசிக்ஸ் எடுக்கிறார்."

வெளியே வரும்போது பழைய ஆய்வகத்தை எட்டிப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளை உயரமாக அடுக்கியிருந்தார்கள். கரும்பலகையில் ஒரு லென்சின் படம் பாதி அழிந்து கிடந்தது. வேறு யாராவது என்றால் அதைப் பார்த்துக் கண் கலங்கியிருப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதையாவது ஒழுங்காக அழித்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை கிழக்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மேடவாக்கம் வரை அது, பிறகு பெரும்பாக்கத்துக்கு வேறு ஒன்று. எனக்கு எதிரில் மீன் கூடையோடு ஒரு அக்கா. தாம்பரம் மார்க்கெட்டில் விற்றது போக மிச்சத்தைப் பெரும்பாக்கம் குடியிருப்பில் விற்றுவிட்டு, அப்படியே கடற்கரைக் குப்பத்துக்கு வீடு திரும்புவது அவர் வழக்கம். மேடவாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோ ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. ஓட்டுநர் இறங்கினார், பின்னால் போய்த் திறந்தார், மூடினார், யாருக்கோ போன் செய்தார். மற்றவர்கள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். கூடையை ஏற்றும் வண்டி எதுவும் நிற்கவில்லை. அவரைத் தனியே விட்டுப் போக மனம் வராமல் நானும் நின்றேன்.

வெயில் கொளுத்தியது. அக்கா கூடையை ஆட்டோவின் ஓரத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அதைத் திருப்பி வைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"ஏன்க்கா திருப்பிக்கிட்டே இருக்கீங்க?"

"ஒரே பக்கம் வெயிலு பட்டா அந்தப் பக்கத்து ஐசு கரைஞ்சுடும்மா. கொஞ்ச நேரம் இப்டி, கொஞ்ச நேரம் அப்டி. நீ இன்னா வேல பாக்குற?"

சிரிப்பு வந்துவிட்டது. நான் பார்ப்பதும் இதே வேலைதான் என்றேன். எங்கள் தொலைநோக்கியைச் சுற்றி வெப்பம் தாக்காமல் இருக்க ஒரு போர்வை உண்டு. இத்தனை வருட வெயிலில் அது கெட்டுவிட்டது. ஒரே பக்கம் நெடுநேரம் பார்த்தால் உடம்பு சூடாகிவிடும். அப்போது பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஆறுவதற்குத் தோதான இன்னொரு பக்கம் திருப்ப வேண்டும். அப்படி ஆறும் நேரத்தில் சும்மா இருக்க வேண்டாமே என்று அந்தப் பக்கத்தில் இருக்கும் எதையாவது பார்க்கச் சொல்வோம். எல்லாவற்றையும் அவருக்கு விளங்குகிற மாதிரி சொன்னேன்.

"அத்த கீழ எறக்கி ரிப்பேரு பண்ணக்கூடாதா?"

"எட்டாதுக்கா. ரொம்ப தூரம். நிலாவுக்குப் போற வழியில மூணுல ஒரு பங்கு தூரம் மாதிரி."

"வயசாயிடுச்சின்னு சொல்லு. எனக்கே இந்தப் பக்கம் குந்தினா அந்தப் பக்கம் நோவுது. அதுக்காக வூட்ல கெடன்னு சொல்லிட முடியுமா? பொழப்பு ஓடிக்கினுதான கீது." கூடையை இன்னொரு முறை திருப்பினார்.

ஒரு வழியாக வேறு ஆட்டோ வந்தது. இரண்டு பேருமாகக் கூடையைத் தூக்கி வைத்தோம். நான் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தயாளன் வகுப்பு முடித்துக் கிளம்பிவிட்டிருந்தார். என் சேலையில் மீன் வாடை. அலுவலகத்தில் ஒருவர் மூக்கைச் சுளித்தபடியே எண்ணைக் கொடுத்தார்.

போனில் என் பெயரைச் சொன்னேன். தொலைநோக்கியின் பெயரையும் சொன்னேன். "சாயங்காலம் வீட்டுக்கு வர முடியுமா மேடம்? கோவிலம்பாக்கம். தண்ணி லாரி நிக்கும், அதுக்கு எதிர் வீடு," என்றார்.

தண்ணீர் லாரி நின்றது. எதிர்வீட்டு மாடியில் தயாளன் காத்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். இஸ்திரி போட்ட சட்டை. எனக்காகப் போட்டது என்று தெரிந்தது.

"டீயா காபியா மேடம்?"

"எதுவா இருந்தாலும் பரவாயில்லை."

"வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிங்க." இரண்டு டம்ளர் மோர், ஒரு தட்டு முறுக்கு.

அவரே ஆய்வுக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு படங்களைத் தாளில் அச்செடுத்து, ஒன்றின் விளிம்பை மெல்லிய தாளில் வரைந்து மற்றதன் மேல் வைத்திருந்தார். முதல் முறை பார்த்ததற்கும் இரண்டாம் முறை பார்த்ததற்கும் நடுவில் அந்த வெடிப்பின் விளிம்பு ஒரு முடியளவு வெளியே நகர்ந்திருந்தது. முடியளவுதான். ஆனால் அது கோடிக்கணக்கான மைல்.

"ரெண்டு புள்ளிய வச்சு எப்பவும் நேர்கோடுதான் போட முடியும். வேகம் குறையுதா இல்லையான்னு மூணாவது புள்ளி வந்தாத்தான் தெரியும். பசங்க கேப்பாங்க, சார் எப்ப சார் மூணாவதுன்னு. வரும்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்பப் பசங்களே இல்ல," என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை.

அதற்கு மேல் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. சொன்னேன். நவம்பர். செப்டம்பர். தள்ளி வைத்தது நான்.

அவர் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன் நவம்பர்?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க ஃபார்ம்ல எழுதினதுதான் சார் காரணம்."

எங்கள் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. எந்த நாட்களுக்குள் பார்க்க வேண்டும்? பெரிய பல்கலைக்கழகக்காரர்கள் இந்த இடத்தில் கூசாமல் எழுதுவார்கள். மார்ச் மாதத்துக்குள், அவசியம், காரணம் இணைக்கப்பட்டுள்ளது. பாதிக்குப் பாதி அப்படி ஒரு அவசியமும் இருக்காது. தேதி கேட்பவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, கேட்காதவரைக் கடைசியில் போடுவது என் வேலை முறை. தயாளன் எழுதியிருந்தது: எப்போது வேண்டுமானாலும்.

"சின்ன காலேஜ் மேடம் நாங்க. எங்களுக்கு நேரம் குடுத்ததே பெரிசு. அதுல போய் இந்த மாசம் வேணும், அந்த மாசம் வேணும்னு கேட்டா நல்லாவா இருக்கும்? அதான் உங்க வசதிப்படின்னு..."

எனக்குச் சுரீர் என்றது. போதும் என்று சொன்ன மனிதரை அப்படியே நம்பி, பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போனவள் நான். அதுவும் அந்தப் 'போதும்' எப்படிப்பட்ட 'போதும்' என்று தெரிந்த ஊர்க்காரி. வேறு யார் செய்திருந்தாலும் மன்னிக்கலாம்.

"இப்பவும் ஒண்ணு பண்ணலாம் சார். ஆகஸ்டுக்குள்ள பார்க்கணும்னு திருத்தம் எழுதிக் குடுங்க. ஏதாவது ஒரு காரணம் போடலாம். நான் பார்த்துக்கிறேன்."

"ஆகஸ்டுல அங்க என்ன ஆகப்போகுது? ஒண்ணும் ஆகாது. அது பாட்டுக்கு விரிஞ்சுக்கிட்டு இருக்கும். பொய்க் காரணம் எழுதி மூணாவது புள்ளி வாங்கினா, அதப் பார்க்கிறப்பல்லாம் அந்தப் பொய்தான் தெரியும். வேணாம் மேடம்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் அது, கையைத் தட்டின் மேல் நீட்டிச் சொல்லும் 'போதும்'.

பிறகு, "லெட்டர் கேட்டீங்களே," என்று அவரே எழுந்து போய்த் தாள் எடுத்தார். கல்லூரி முகவரி போட்ட தாள் அவரிடம் இல்லை. வெள்ளைத் தாளில் வீட்டு முகவரியைப் போட்டு, ஆங்கிலத்தில் கையாலேயே எழுதினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"என் பெயர் தயாளன். நான் ஓர் இயற்பியல் ஆசிரியர். எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறையை மூடிவிட்டார்கள். மூடிய மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. மணி அடித்தது, பஸ் வந்தது, கேண்டீனில் டீ கிடைத்தது. உங்கள் தொலைநோக்கியை மூடினாலும் மறுநாள் ஒன்றும் நடக்காது. எதை இழந்தோம் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதனால்தான் மூடுவதற்கு முன்னால் எழுதுகிறேன்."

படித்துவிட்டு ஒரு முறுக்கை எடுத்தேன். அதை மென்று முடித்த பிறகுதான் நன்றி சொன்னேன்.

புதன்கிழமை காலை அண்ணன் வீட்டு வாசலில் சத்தம். வடிகால் பள்ளத்தைப் பார்வையிட பாபு என்ற கட்சிக்காரர் வந்திருந்தார். பதவியில் இருப்பவர் அல்ல, பதவியில் இருப்பவருக்கு நெருக்கமானவர். பக்கத்துத் தெருவில் புதிதாகப் பேருந்து நிழற்குடை திறப்பதற்கு வாழைமரம் கட்ட வந்தவரை அண்ணன் பள்ளத்தைக் காட்ட இழுத்து வந்திருந்தார்.

"பள்ளம் வெட்டினதோட போயிட்டீங்களே. பழைய கால்வாயிலயாவது தண்ணி போச்சு. இப்ப அதுவும் இல்ல," என்றார் அண்ணன்.

"வந்துடும் சார், வந்துடும். ஃபண்டு நிழற்குடைக்குப் போயிடுச்சி."

நான் பலகையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஏன் அப்படி என்று கேட்டேன். சண்டை போடக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அவரும் சண்டையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னா மேடம், வெளிநாட்டுல இருந்துகினு இது தெரியாதா? பழைய கால்வாய தூர் வாரினா யாரு பாப்பாங்க? ஓடிக்கினு கீற மோட்டாருக்கு எவனாச்சும் மாலை போடுவானா? புச்சா வெச்சாத்தான் ரிப்பனு வெட்டலாம், போட்டோ புடிக்கலாம்."

எங்கள் குழுவில் மூன்று மாதமாகக் கூட்டம் போட்டுப் பேசியதை மனிதர் பலகை மேல் நின்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். நான் வந்த வேலையைச் சொன்னேன். தொலைநோக்கி, பணம், கடிதம். அவர் அக்கறையாகத்தான் கேட்டார்.

"அந்த சாருக்கு அந்த ஊர்ல ஓட்டு கீதா?"

"இல்லை."

"தெரிஞ்ச ஆளு?"

"இல்லை."

"அப்போ பேஜாருதான். ஆளு இல்லாதவனுக்கு லைனுதான் மேடம் ஆளு. ரேஷன் கடையில பாருங்க. லைனு நேரா போச்சின்னா ஏழைக்கும் கெடைக்கும். லைனு ஒடஞ்சா மொதல்ல அவன்தான் வெளிய." சொல்லிவிட்டு வாழைமரத்தைப் பார்க்கப் போய்விட்டார். எங்கள் தெரு எந்த வரிசையில் நிற்கிறது என்று அண்ணன் பின்னாலேயே கத்தினார்.

அன்று முழுக்க அந்த வரிசைதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம், அங்கே காலை நேரம் பார்த்துத் தலைவியை அழைத்தேன். கடிதத்தைப் படமெடுத்து முன்னமே அனுப்பியிருந்தேன்.

"நம்மை மூடினால் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருக்கிறாரே," என்றார்.

"ஆமாம்."

கடைசி வரியை இன்னொரு முறை வாசித்தார். "கடிதக் கட்டில் இதை முதலாவதாக வைக்கிறேன்," என்றார்.

பிறகு தயாளனுடையதை நான் தள்ளி வைத்ததைச் சொன்னேன். நவம்பரில் இருப்பதை முன்னால் கொண்டுவர, செப்டம்பருக்குப் பிறகு நாம் இருக்க மாட்டோம் என்ற உண்மையையே காரணமாக எழுதினால் என்ன என்று கேட்டேன். முடியாது என்றார். "மூடப்போகிறோம் என்று நம் கையால் ஒரு தாளில் எழுதினால், அவர்களே தயாராகிவிட்டார்கள் என்று அதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள்." அவர் சொன்னது சரி. அரசியல் என்றால் அப்படித்தான்.

"சரி, அது வேண்டாம். ஆறும் நேரத்தில் எதைப் பார்ப்பது என்று இப்போது கணினி எப்படி முடிவு செய்கிறது?"

"தேதி கேட்காதவர்கள் பட்டியலிலிருந்து, பக்கத்தில் எது இருக்கிறதோ அதை எடுக்கிறது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதை மாற்றலாம். ஆறுவதற்குத் தோதான பக்கத்தில் இருப்பவர்களில், யார் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார்களோ அவர்களை முதலில் எடுக்கலாம். தேதி கேட்காதவர்கள் முக்கால்வாசி சின்ன இடத்துக்காரர்கள். கேட்கத் தெரியாதவர்கள். வரிசை மட்டும்தான் அவர்களுக்கு இருக்கிறது."

"உன் ஆள் வரிசையில் எத்தனையாவது?"

"தெரியாது. பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் இதைக் கேட்க எனக்கே கூச்சமாகிவிடும்."

அவர் சிரித்தார். மறுநாள் குழுவில் வைத்துப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை விதி மாறியது. தயாளன் வரிசையில் இரண்டாவதாக இருந்தார். முதலாவது, போர்ச்சுக்கலில் ஏதோ ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியை. அவருடையதை அடுத்த திங்கட்கிழமை பார்த்தார்கள்.

அந்த வாரம் தாம்பரத்தில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அண்ணியோடு சண்டே மார்க்கெட் போனேன். ரயில்வே நடைமேம்பாலத்தில் முட்டி வலிக்க ஏறி இறங்கினேன். ஒரு நாள் ஒரு மணி நேரம் மழை பெய்தது. வெட்டிய பள்ளம் நிரம்பி, பலகை மிதந்து எதிர்வீட்டு வாசலுக்குப் போனது. அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை இழுத்து வந்தார். பணத்தை முடிவு செய்யும் குழு கூடி, கலைந்து, மறுபடி கூடுவதாக அறிவித்தது. இதை எழுதும்வரை முடிவு வரவில்லை.

அடுத்த புதன்கிழமை புதிய பட்டியல் வந்தது. ஒரு பெரிய இலக்கைப் பார்த்துச் சூடேறிய பிறகு, வியாழக்கிழமை தொலைநோக்கி மூன்று மணி நேரம் ஆற வேண்டும். அந்த மூன்று மணி நேரம் தயாளனுடையது. இந்திய நேரம் மதியம் இரண்டு பத்துக்குத் தொடக்கம்.

போன் செய்தேன். "நீங்க ஏதாவது சொன்னீங்களா மேடம்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. விதியைச் சொன்னேன், வரிசையைச் சொன்னேன், போர்ச்சுக்கல் ஆசிரியையைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்ப சரி," என்றார். பிறகு, "ரெண்டு பத்துக்கு எனக்கு கிளாஸ் இருக்கே," என்றார். அங்கே மேலே அது பார்க்கும்போது கீழே இவர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. தகவல் வந்து சேரவே ஓரிரு நாளாகும். ஆனாலும் எனக்குப் புரிந்தது. நான் வகுப்புக்கு வரலாமா என்று கேட்டேன்.

வியாழக்கிழமை பெரும்பாக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அறுபது பேர் இருக்கும். பெரும்பாலோர் குடியிருப்பிலிருந்தும் சுற்றுப்பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள். சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு, மின்விசிறி சூடான காற்றைத்தான் தள்ளியது. தயாளன் கோப்புகளைச் சேமிப்பது எப்படி என்று நடத்தினார். சொன்னதை எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பத்துக்கு நிறுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கரும்பலகையைத் துடைத்துவிட்டு இரண்டு புள்ளி வைத்தார். ஒரு நேர்கோடு போட்டார். வெடித்துப் போன விண்மீன், அதன் விளிம்பு, மேலே ஒரு வயதான தொலைநோக்கி, அதை மூடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள், இந்த நிமிடம் அது நம்ம நட்சத்திரத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொன்னார். மூன்றாவது புள்ளி கோட்டின் மேலேயே விழுமா, கொஞ்சம் கீழே இறங்கி விழுமா என்று இதுவரை உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்றார். சாக்பீஸை மேஜையில் வைத்தார்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பேனா கையிலேயே இருந்தது.

"சார், இது எக்ஸாம்ல வருமா?"

"வராதும்மா."

அவள் உட்கார்ந்தாள். பேனாவை மூடினாள். பக்கத்தில் இருந்தவளும் மூடினாள். போனை எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. அறுபது பேரும் எழுதுவதை விட்டுவிட்டு, நிமிர்ந்து கரும்பலகையில் மூன்றாவது புள்ளி இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.